வெறுங்காடு என்று சொன்னோம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் நிலைவாசல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. தாத்தா சொல்லிக் கேட்ட கதை இது. அறுபதுகளில் மறுநடவுக்காகக் கிழட்டுப் பால்மரங்களைப் புல்டோசர் விட்டுத் தள்ளினார்கள். ஒரு நிரையில் வேர்களோடு சேர்ந்து பெரிய அடிமரம் ஒன்றும் மேலே வந்தது. தோட்டம் திறந்த காலத்தில் வெட்டிப் போட்டு, தீயிலும் முழுக்க எரியாமல், மண் மூடிக் கிடந்த காட்டு மரம். மேலே விரற்கடை அளவுக்குக் கரி. தச்சு வேலை தெரிந்த ஒருவர் வாச்சியால் கொத்திப் பார்த்தார். உள்ளே வைரம் அப்படியே இருந்தது. செங்கால் மரம். அரை நூற்றாண்டு மண்ணில் கிடந்தும் கறையான் அதைத் தொடவில்லை. துரையிடம் கேட்டு வாங்கி, அறுத்து இழைத்து, அம்மனுக்கு நிலை வைத்தார்கள்.

தாத்தா தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கதையை முடிக்கும்போதெல்லாம் பெருமூச்சோடு இன்னொன்றும் சொல்வார்: “வெறுங்காடாக் கெடந்துச்சு தம்பி. நாம வந்த பெறவுதான் ஊராச்சு.” இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அம்மனுக்கு வாசல் கொடுத்த காடு எப்படி வெறுங்காடு ஆகும் என்று அவரிடம் கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

‘காட்டை அழித்து நாட்டை ஆக்கினோம்’ என்பது மலேசியத் தமிழர் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம். உரிமை கேட்கும் இடத்தில் அது நியாயமான வாக்கியம். உழைப்புக்குரிய பங்கு இன்னும் முழுதாக வந்து சேராத சமூகம் அதைச் சொல்லத்தான் செய்யும். ஆனால் அழிந்த காட்டில் என்ன இருந்தது, அதில் எவ்வளவு யாருக்கும் பயன்படாமல் போயிற்று என்ற கணக்கை நாம் பார்த்ததில்லை. கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழ்பவர்கள் அந்தக் கணக்கை இப்போது பார்த்தாக வேண்டும். இந்த வட்டாரத்துக் காட்டில் எஞ்சிய கடைசிப் பெரும்பகுதி நம் வீட்டுப் பின்புறத்தில்தான் இருக்கிறது.

தீ தின்ற மரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டம் திறந்த முறை எளிமையானது. முதலில் கீழ்ச்செடிகளையும் கொடிகளையும் வெட்டுவார்கள். பிறகு பெருமரங்கள். சரிவான இடமென்றால் கீழே நிற்கும் மரங்களை ஒரு பக்கம் மட்டும் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியில் நிற்கும் பெரிய மரத்தை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது விழும் பாரத்தில் அடுத்தது, அதன் பாரத்தில் அதற்கடுத்தது என்று சரிவு முழுவதும் சில நொடிகளில் சாயும். வெயில் காலத்தில் சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைப்பார்கள். மரம் வீழ்த்தும் வேலையைப் பெரும்பாலும் மலாய்க்காரர், ஜாவாக்காரர், ஒராங் அஸ்லி மக்கள், சீனக் குத்தகைக்காரர்களின் ஆட்கள் செய்தார்கள். நம்மவர் வந்தது தீ அணைந்த பிறகு. சாம்பலில் குழி வெட்டவும், காண் என்னும் வடிகால் வெட்டவும், கன்று நடவும், களை எடுக்கவும்.

மெராந்தி, கெருயிங், பாலாவ், மெர்பாவ், செங்கால் என்று இன்று கன அடிக் கணக்கில் விலை பேசும் மரங்கள்தான் அப்படி எரிந்தன. அவை வளர எடுத்தது நூற்றாண்டுகள். அதைச் செய்தவர்களுக்குக் காரணம் இல்லாமலில்லை. பெருமரத்தை இழுத்துவரப் பாதை இல்லை, அறுக்க வாள்பட்டறை இல்லை. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது ஒரு பருவம் தாமதித்தாலும் பங்குதாரர் கேள்வி கேட்பார். சாம்பல் உரமாகவும் ஆயிற்று. நிலத்துக்கு விலை இருந்தது, மரத்துக்கு இல்லை. ஆகவே கம்பெனிக் கணக்கேட்டில் காடு வரவில் ஏறவில்லை. ‘காடு திருத்தும் செலவு’ என்று செலவுப் பக்கத்தில்தான் ஏறியது.

வீணாக விட்ட மரம் சும்மா கிடக்கவில்லை. எரியாத அடிக்கட்டைகளிலும் புதைந்த வேர்களிலும் பூஞ்சணம் ஊறி, பக்கத்திலிருந்த ரப்பர் வேருக்குப் பரவியது. தோட்டத்தில் ‘வெள்ளை வேர் நோய்’ என்று சொல்லி மண்ணைத் தோண்டி வேரைச் சுரண்டியவர்களுக்கு, அது பழைய காட்டின் மிச்சத்திலிருந்து வந்த நோய் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கறையானும் அந்தக் கட்டைகளில்தான் பெருகியது. காட்டை மதிக்காததற்கு நிலம் விதித்த அபராதத்தைக் கட்டியது கூலியின் முதுகு.

சொல்லில் ஒளிந்த முதல் சூறை

ரப்பரை நாம் ‘கித்தா’ என்கிறோம். மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல் நம் வாயில் அப்படி ஆயிற்று. பிரேசில் ரப்பர் 1877-இல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்து சேரும் முன்பே அந்தச் சொல்லுக்கு இங்கே வேறொரு மரம் இருந்தது. ‘கெத்தா தாபான்’ என்ற காட்டு மரத்தின் பால், வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும். கடல் நீரில் கெடாது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் இதை லண்டனின் கவனத்துக்குக் கொண்டுபோனார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இதைவிடத் தோதான பொருள் அன்று உலகில் இல்லை. 1866-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் நிலையாக ஓடத் தொடங்கிய தந்தியும் இந்தப் பாலின் உறையில்தான் ஓடியது.

பால்மரம் சீவுவதுபோல் இந்த மரத்தைச் சீவி நாள்தோறும் பால் எடுக்க முடியாது. ஆகவே மரத்தையே வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி, வடிந்ததை எடுத்துக்கொண்டு அடிமரத்தை அங்கேயே அழுகவிட்டார்கள். முழு வளர்ச்சி கண்ட ஒரு மரத்திலிருந்து கிடைத்தது சராசரியாகச் சுமார் 300 கிராம். ஒரு சின்னத் தேங்காய் எடை. சிங்கப்பூர்த் தீவில் 1850-களின் இறுதிக்குள் மரம் தீர்ந்துபோனது. வெட்டுக்கத்தி தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. கூட்டு மலாய் மாநிலங்களுக்கென்று வனத்துறை அமைத்து, பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக்கைத் தலைமை வன அதிகாரியாக வைத்தது 1901-இல். காவல் வந்தபோது களவு முடிந்திருந்தது.

வட சிலாங்கூரின் இன்னொரு பெயரிலும் கதை இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா, அருகே ‘தென்னமரம்’ தோட்டத்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயா வாழ்வை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றவர். தென்னமரம் என்று தமிழில் பேர் வைத்த மண்ணிலிருந்துதான், நாட்டின் தாழ்நிலக் காடுகளை விழுங்கிய ஒற்றைப் பயிரின் பயணம் புறப்பட்டது என்பதைத் தற்பெருமையாகச் சொல்வதா, தலைகுனிவாகச் சொல்வதா? இரண்டும் வேண்டாம், தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வராத இரண்டாம் அறுவடை

வெள்ளையர் காலத்து அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அறிவியல் முறை என்ற பெயரிலும் அதே வீண்தான் தொடர்ந்தது. 1948-இல் தாழ்நிலக் காடுகளுக்கு ‘மலாயன் ஒருசீர் முறை’ என்ற திட்டம் வந்தது. விற்கக்கூடிய பெருமரம் அனைத்தையும் ஒரே தடவையில் வெட்டுவது. சந்தையில் விலைபோகாத மற்ற மரங்களுக்குப் பட்டையில் வளையம் வெட்டி, சோடியம் ஆர்சனைட் நஞ்சு தடவி, நின்ற நிலையில் சாகவிடுவது. தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க அடித்ததும் இதே ஆர்சனைட்தான். அடியில் முளைத்திருக்கும் நல்ல இனக் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், எழுபது ஆண்டில் அடுத்த அறுவடை எடுக்கலாம் என்பது கணக்கு.

1948-உடன் எழுபதைக் கூட்டினால் 2018. அந்த அறுவடை பெரும்பாலான இடங்களில் வரவே இல்லை. கன்றுகள் மரமாவதற்கு முன்பே அந்தத் தாழ்நிலங்களில் பெரும்பகுதி 1956-இல் அமைந்த ஃபெல்டாவின் குடியேற்றத் திட்டங்களுக்கும் மற்ற தோட்டங்களுக்கும் போய்விட்டது. காத்திருந்தால் கிடைக்கும் என்று சொல்லித்தான் காட்டுக்கு நஞ்சு வைத்தார்கள். காத்திருக்க மட்டும் யாரும் தயாராக இல்லை. 1978-இல் முறையை மாற்றி, தேர்ந்தெடுத்து வெட்டும் முறை கொண்டுவந்தார்கள். அதிலும் சேதம் குறைந்ததா என்று பார்த்தால், பகாங் மாநிலத்தின் சுங்கை தெக்காம் காட்டில் செய்து 1988-இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. நூற்றுக்கு 3.3 மரத்தை வெளியே எடுக்க, நூற்றுக்கு 50.9 மரம் நாசமாகியிருந்தது. ஒன்றை எடுக்கப் பதினைந்தைப் பலி கொடுத்த கணக்கு.

வீண் என்பது மரத்தின் குணமல்ல என்பதற்குப் பால்மரமே சாட்சி. மறுநடவில் தள்ளிய பால்மரங்களைப் பல்லாண்டுகள் எரித்தோம், அல்லது அடுப்புக்கு விறகாக்கினோம். எழுபதுகளின் இறுதியிலிருந்து அதை மருந்திட்டுப் பதப்படுத்திப் பலகையாக்கக் கற்றபோது, அதே மரம் மலேசியாவின் மரத்தளவாட ஏற்றுமதிக்கு முதுகெலும்பாயிற்று. வீட்டில் சோறாக்க வெட்டிய விறகு அது. யாரோ ஒருவர் நின்று பார்த்து, இதற்கு என்ன பயன் என்று கேட்டதுதான் வித்தியாசம். பெருங்காட்டைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எவரும் நிற்கவில்லை.

ராஜா மூசாவின் காண்கள்

இனி நம் வீட்டுப் பின்புறம். ராஜா மூசா என்றால் நம்மவருக்கு ஒரு தோட்டம், ஒரு தமிழ்ப் பள்ளி. அதே பெயரில் ஒரு காப்புக்காடும் இருக்கிறது. அதுவும் சுங்கை காராங் காப்புக்காடும் சேர்ந்து ஏறத்தாழ 75,000 ஹெக்டர். மலாய்க்காரர் ‘கம்புட்’ என்று சொல்லும் கரிச்சேற்று நிலத்தில் நிற்கும் சதுப்புக் காடு. உதிர்ந்த இலையும் கிளையும் நீருக்குள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டான நிலம் அது. ஒரு மீட்டர் படிய ஐந்நூறு முதல் ஆயிரம் ஆண்டு பிடிக்கும். கன அளவில் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதன் தேநீர் நிறத் தண்ணீரில் வாழும் ‘பெட்டா லிவிடா’ என்ற சண்டைமீன் வட சிலாங்கூருக்கே உரியது. 1992-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது.

1950-களிலிருந்து 1980-கள் வரை இந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள். சேற்றில் லாரி போகாது. ஆகவே காண் வெட்டி, வெட்டிய மரங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு இழுத்தார்கள். அந்தக் காண்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டைக் கீறிக் கிடக்கின்றன. 1990-இல் இதைக் காப்புக்காடாக அறிவித்து மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். வெட்டியவர்கள் போனார்கள், காண்கள் போகவில்லை. இரவும் பகலும் காட்டின் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தன.

தண்ணீர் வற்றிய கரிநிலம் உள்ளே அமுங்கும். தொடக்க ஆண்டுகளில் வேகமாக, பிறகு ஆண்டுக்குச் சுமார் ஐந்து செ.மீ. என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டில் படிந்ததை இருபது ஆண்டில் கரைக்கும் வேகம். காய்ந்தால் மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும் தீக்கும் அதுவே இரை. செம்பனைத் தோட்ட ஓரத்தில் பிடித்த நெருப்பு காட்டுக்குள் புகுந்த ஆண்டுகளை இந்த வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2005 ஆகஸ்ட் 11 நினைவிருக்கிறதா? போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றின் மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அரசு அவசரநிலை அறிவித்தது. அன்றைய புகையில் பெரும்பங்கு சுமத்ராவில் எரிந்த நிலத்திலிருந்து வந்தது. அக்கரையைத் திட்டித் தீர்த்தோம். நூறு ஆண்டுக்கு முன் இதே கரையில் தோட்டம் திறக்க மூட்டிய தீயின் புகை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்தவர்கள் குறைவு.

அடைப்பவர்களும் திறப்பவர்களும்

2008-இலிருந்து சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் ராஜா மூசாவில் ஒரு வேலையைச் செய்துவருகின்றன. பழைய காண்களுக்குக் குறுக்கே அணை கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள். ஆக்கிரமிப்பை அகற்றிய இடத்தில் மஹாங் போன்ற வேகமாக வளரும் மரங்களையும், மெர்சாவா பாயா போன்ற பழங்காட்டு மரங்களையும் நடுகிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் சேர்ந்த நண்பர் குழுவும் இருக்கிறது. ஒரு தலைமுறை காண் வெட்டச் சம்பளம் வாங்கியது. அடுத்த தலைமுறை அதை அடைக்கச் செலவழிக்கிறது. இந்தச் செலவும் பழைய வெட்டுமரக் கணக்கில் சேர வேண்டியதுதான். அன்று யாரும் எழுதவில்லை.

இது காட்டு விலங்குகளுக்காக மட்டும் செய்கிற தர்மமல்ல. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்து வயல்கள் மாநிலத்தின் நெற்களஞ்சியம். அந்த வயல்களுக்கு மேல்மடையில் பஞ்சுபோல நீரைத் தாங்கி நிற்பது இந்தச் சதுப்பு. 2014-இல் சிலாங்கூரில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது வாளியும் டிரம்மும் தூக்கியவர்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் காப்புக்காடு என்ற அறிவிப்பு கல்வெட்டு அல்ல. தெற்கே கோலலங்காட் வடக்கு காப்புக்காட்டை நினைத்துப் பாருங்கள். அதை வளர்ச்சித் திட்டத்துக்கு விட 2020-இல் யோசனை வந்தது. ஒராங் அஸ்லி இனத்தவரான தெமுவான் மக்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். சட்டமன்றமும் காட்டைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகும் பாதிக்கு மேற்பட்ட நிலத்தின் காப்பு நீக்கப்பட்டுவிட்ட செய்தி 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. எழுந்த எதிர்ப்பில் செப்டம்பர் 8 அன்று மந்திரி பெசார் முடிவைத் திரும்பப் பெற்றார். மக்கள் பேசியதால் பிழைத்த காடு அது. பேச அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. காப்பை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சிலாங்கூர் 2011-இலேயே வனச் சட்டத்தைத் திருத்தியிருந்தது.

நான் கேட்பவை மூன்று. முதலாவது, ராஜா மூசா, சுங்கை காராங் எல்லையில் உள்ள தோட்டங்களும் சிறுதோட்டக்காரர்களும் தங்கள் காண்களில் நீர்மட்டத்தைத் தாழவிடாமல் வைத்திருப்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். காட்டுக்குள் அடைத்து, வேலிக்கு வெளியே வடியவிட்டால் பலனில்லை. இரண்டாவது, நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் இருப்பதால், காட்டை விற்றால்தான் வருமானம் என்ற நிலை மாறவேண்டும். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019-இல் 6 கோடி ரிங்கிட்டில் தொடங்கிய நிதி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 25 கோடிக்கு உயர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் ஒரு நகர்ப்புற மனைத் திட்டம் தரும் வரவோடு போட்டியிட அது போதாது. மூன்றாவது, காப்பு நீக்க விசாரணை அறிவிப்பு தமிழிலும் வரவேண்டும். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பகுதிகளின் கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் அங்கே போய் உட்கார வேண்டும்.

‘மக்களுக்கு வீடு வேண்டாமா, நிலம் வேண்டாமா’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு இந்த வட்டாரமே பதில் வைத்திருக்கிறது. புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்ட நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர்கள் காத்திருந்தார்கள். நிலம் இல்லாததால் வீடு கிடைக்காமல் போகவில்லை. ஆகவே ஏழைக்கு வீடு என்ற காரணத்தைக் காட்டி இனி ஒரு காட்டின் காப்பை நீக்க வந்தால், நம்மவர் அதற்குத் தலையாட்டக் கூடாது.

கெப்போங்கில் ஒரு நம்பிக்கை நிற்கிறது. ஈயம் தோண்டிச் சீரழித்த மொட்டை நிலத்தில் 1920-களில் மரம் நடத் தொடங்கி உருவான வன ஆய்வுக் கழகத்தின் காட்டுப் பூங்காவை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிலாங்கூர் மண்ணில் மனிதர் நட்ட காடு நூறு ஆண்டில் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அந்த நூறு ஆண்டையும் யாரோ காத்திருந்தார்கள். 1948 திட்டத்தில் இல்லாமல் போனது அந்த ஒன்றுதான்.

எங்கள் தோட்டம் விற்றுப்போனது. கோயிலைச் சாலையோரத்துக்கு மாற்றியபோது சிமெண்டும் டைல்ஸும் புதிதாக வந்தன. நிலைவாசலை மட்டும் பெயர்த்து எடுத்து வந்து அப்படியே வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஏறிக் கறுத்துவிட்டது. அந்த மரம் முளைத்தபோது தோட்டமும் இல்லை, துரையும் இல்லை, நாமும் இல்லை. அடுத்த திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது அதைத் தொட்டுக் காட்டித் தாத்தா கதையைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்வேன். காடாக் கெடந்துச்சு தம்பி. நாம வந்த பெறவு ஊராச்சு.